டென்ஸ் கருவியும் என் மேல்முதுகும்: மூன்று வருடக் கணக்கு

தோலில் பேட் என்ற ஒட்டுத் துண்டுகளை ஒட்டி லேசாக மின்சாரம் விடுகிற இந்த டென்ஸ் கருவி வலியைக் குணமாக்குமா என்று கேட்டால், ஆக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக வைத்திருக்கிறேன், வலி முழுசாகப் போகவில்லை, ஆனாலும் இதை யாராவது கடன் கேட்டால் மனசு வராது.

சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் கணக்கு வேலை. கொரோனா சமயத்தில் சாப்பாட்டு மேசையே ஆபீஸ் ஆனபோது, வலது தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடம் பிடித்துக்கொண்டது. கோடாலித் தைலம், கோயோக் என்ற வலிப் பிளாஸ்திரி, தேக்காவில் ஒரு அக்காவிடம் மசாஜ் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில்தான் பலதுறை மருந்தகம் போனேன். எலும்பில் ஒன்றுமில்லை, தசைதான் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் முதன்முதலில் நாலு பேட் ஒட்டி மின்சாரம் விட்டார்கள், இருபது நிமிடம் அந்த வலியை மறந்து போயிருந்தேன். அப்புறம் 85 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) நானே ஒன்று வாங்கினேன்.

முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோம் இல்லையா, சங்கதி அதுதான். தொடு உணர்வு கொண்டுபோகும் நரம்புகள் சுறுசுறுப்பாக இருந்தால் தண்டுவடத்திலேயே வலிச் செய்திக்குக் கதவு பாதி சாத்தப்படுகிறது என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965-இல் சொன்ன கருத்து. தேய்க்கிற வேலையை மின்சாரம் செய்கிறது, அவ்வளவே.

மின்சார அளவு விஷயத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். கூட்டினால் கூடுதல் பலன் என்று நினைத்து முதல் வாரமே ஏற்றிவிட்டேன், தசை இறுகிப் பிடித்துக்கொண்டு மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பலமாகத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது, அதுதான் அளவு என்று பிசியோ திட்டாத குறையாகச் சொன்னார். எனக்கு 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு நூறு மின்துடிப்பு), அரை மணி நேரம் சரிப்படுகிறது, சுருசுருவென்று எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். 2 முதல் 4 ஹெர்ட்ஸ் வரை குறைத்து வைத்தால் உடம்பே எண்டார்ஃபின் என்ற தன் சொந்த வலிநிவாரணியைச் சுரக்கும், நிம்மதி கொஞ்சம் நீடிக்கும் என்கிறார்கள், ஆனால் மேல்முதுகில் அது டொக் டொக்கென்று தட்டி தோளைத் தூக்கிப் போடுவதால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. தினமும் போட்டால் உடம்பு பழகிவிடுகிறது, அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள்.

உண்மையான தொல்லை பேட்தான். நம்மூர் ஈரப்பதத்தில் மத்தியானம் மின்விசிறி மட்டும் போட்டு உட்கார்ந்தால் வேர்வையில் ஓரம் கிளம்பிவிடும், அப்படிப் பாதி ஒட்டிய பேட்டில் மொத்த மின்சாரமும் சின்ன இடத்தில் இறங்கி ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். தோலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், எண்ணெய் கூடாது. தைலம் தேய்த்த இடத்தில் ஒருமுறை ஒட்டிவிட்டுப் பட்ட எரிச்சலை இங்கே எழுத வேண்டாம். ஆன்லைனில் மலிவாக வாங்கிய ஒரு செட் பத்து நாளில் பிசின் போய்விட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, பிளாஸ்டிக் தாளில் திருப்பி ஒட்டி வைத்தால் நல்ல பேட் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகள் எழுதும் நைஸ் என்ற அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டியில் கீழ்முதுகு வலிக்கு டென்ஸ் தர வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. என் வலி மேல்முதுகில் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் படித்தபோது கொஞ்சம் முகம் விழுந்தது உண்மை. எனக்கு இது தருவது ஒரு மணி நேர இடைவெளி. அந்த நேரத்தில் பிசியோ கொடுத்த ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்ய முடிகிறது, வலியோடு அதைத் தொடவே மாட்டேன். தினமும் இருந்த வலி இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஆகிவிட்டது. கருவியா, பட்டையா, கம்ப்யூட்டரை உயர்த்த அடியில் வைத்த மைலோ டின்னா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருநாள் கேட்டார், அவருக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் இருப்பது தெரிந்ததால் கொடுக்கவில்லை, கோபித்துக்கொண்டார். வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கழுத்தின் முன்பக்கத்தில் யாருமே ஒட்டக் கூடாது.

முதுகில் நானே எப்படி ஒட்டுகிறேன் என்றா? முதல் இரண்டு வருடம் மகன் ஒட்டினான், இடம் தெரியும், இரண்டு வெள்ளி கேட்பான். இப்போது பதின்மூன்று வயது, கூப்பிட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். அதனால் தோசைத் திருப்பியில் பேட்டை வைத்து, பின்னால் கொண்டுபோய், சுவரில் சாய்ந்து அழுத்துகிறேன். மூன்றில் இரண்டு தடவை சரியான இடத்தில் ஒட்டிவிடுகிறது.