மத்தியதரைக் கடல் மலைப்புல்வெளிகள்: தோற்றமா, துணைச்செடிகளா, கணினிச் சூத்திரமா?

தெற்கு ஸ்பெயினின் சியேரா நெவாடா மலையில், முலாசென் சிகரத்தின் உயரம் 3,479 மீட்டர். கோடையில் சரிவெல்லாம் காய்ந்து கிடக்கும். பனி உருகி நீர் தேங்கும் பள்ளங்களில் மட்டும் பச்சைத் திட்டுகள் தெரியும். உள்ளூர்க்காரர்கள் இவற்றை 'போரெகில்' என்கிறார்கள். ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். இங்கே அடர்ந்து வளரும் புற்களில் ஒன்று நார்டஸ். விறைப்பான, ஊசி போன்ற இலை. இதே நார்டஸ் ஆல்ப்ஸ் மலையிலும் ஸ்காட்லாந்திலும் பரந்து கிடக்கிறது. அப்படியானால் இவை எல்லாம் ஒரே தாவரச் சமூகமா, அதாவது சேர்ந்து வளரும் ஒரே செடிக் கூட்டமா? எதை வைத்து வகை பிரிப்பது?

எது கண்ணில் மேலோங்கித் தெரிகிறதோ அதை வைத்துப் பிரித்தால், ஆம், எல்லாம் 'நார்டஸ் புல்வெளி'தான். வேகமான முறை, செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு வரைபடம் போட வேறு வழியும் அதிகம் இல்லை. ஆனால் குனிந்து பார்த்தால் கதை மாறிவிடுகிறது. கூட வளரும் துணைச்செடிகள் வேறு வேறு. ஆல்ப்ஸில் நார்டஸுக்குப் பக்கத்தில் ஆர்னிகா பூத்திருக்கும். சியேரா நெவாடாவில் ஐபீரிய ஃபெஸ்டூகா புல் இருக்கும். ஓரங்களில் 'பனி நட்சத்திரம்' என்று அழைக்கப்படும் பிளாண்டாகோ நிவாலிஸ் இருக்கும்.

முள்மெத்தைகளில், அதாவது மெத்தை போல உருண்டு அடர்ந்து வளரும் முட்புதர்களில், இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. ஸ்பெயினில் எரினாசியா, சிசிலித் தீவின் எட்னா எரிமலையில் அஸ்ட்ராகாலஸ் சிகுலஸ், கிரேக்க மலைகளில் வேறு அஸ்ட்ராகாலஸ்கள். காற்று, கோடை வறட்சி, மேயும் ஆடு மூன்றும் சேர்ந்து, நெருங்கிய உறவில்லாத செடிகளையும் ஒரே முள்ளம்பன்றி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. தோற்றத்தை நம்பினால் இவை எல்லாம் ஒரே பெட்டிக்குள் போய்விடும்.

சுவிஸ் தாவரவியலாளர் ஜோசியாஸ் பிரான்-பிளாங்கே வகுத்த முறை இதற்கு நேர் எதிர். ஒரு சதுரம் குறித்து, அதில் உள்ள அத்தனை செடிகளையும் எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று மதிப்பெண் போட வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் மூடினால் 5. பிறகு பட்டியல்களை ஒப்பிட்டு, எந்தச் செடி எந்தச் சமூகத்தை அடையாளம் காட்டுகிறது என்று தேட வேண்டும். போரெகிலின் தனித்தன்மை இந்த முறையில்தான் வெளிப்படுகிறது. ஆனால் மத்தியதரைக் கடல் மலைகள் வானத்தில் மிதக்கும் தீவுகள் போன்றவை; ஒவ்வொன்றிலும் அதற்கே உரிய செடிகள். அவற்றையே அளவுகோலாக்கினால் மலைக்கொரு பெட்டி முளைக்கும். எட்னாவின் முள்மெத்தைகளுக்கு, இந்த முறையில் சமூகங்களை அடுக்கும் படிநிலையின் உச்சியில் இருக்கும் தனி வகுப்பே முன்மொழியப்பட்டது. சதுரத்தை எங்கே வைப்பது என்பதும் ஆய்வாளரின் விருப்பம். 'மாதிரியாக' தெரியும் இடத்தைத் தேடிப் போனால், இரண்டு சமூகங்கள் கலக்கும் ஓரங்கள் கணக்கிலேயே வராது.

கணினி முறைகள் இந்த விருப்பு வெறுப்பைக் கட்டுப்படுத்த முயல்கின்றன. 1979-இல் வந்த ட்வின்ஸ்பான் என்ற கணினி நிரல், பட்டியல்களை இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டே போகும். புதிதாகச் சில சதுரங்களைச் சேர்த்தால் பழைய பிரிவுகளும் குலையலாம். எனக்கு இது பெரிய குறை. பின்னர் வந்த காக்டெயில் முறை மேலானது: 'இந்தக் குழுச் செடிகள் இருக்க வேண்டும், அந்தக் குழு இருக்கக் கூடாது' என்று சூத்திரமாக எழுதிவிடுவதால், யார் போட்டுப் பார்த்தாலும் ஒரே விடை வரும். ஆனால் சில சதுரங்கள் மட்டுமே பதிவான சின்ன மலைக்கு நம்பகமான குழுக்கள் கிடைப்பது கடினம்.

என் தேர்வு இது: அடித்தட்டுச் சமூகங்களைத் துணைச்செடிகளின் பட்டியலே தீர்மானிக்கட்டும், பல மலைகளை இணைக்கும் மேல்தட்டுகளுக்குச் சூத்திரம் வேண்டும், தோற்றம் வரைபடத்துக்கு மட்டும் போதும். 1992-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடப் பாதுகாப்பு ஆணை முன்னுரிமைப் பாதுகாப்புத் தருவது வெறும் நார்டஸ் புல்வெளிக்கு அல்ல, 'இனவளம் மிக்க' நார்டஸ் புல்வெளிக்கு. வளம் இருக்கிறதா என்று எண்ணித்தானே சொல்ல முடியும்?

2001-இலும் மீண்டும் 2008-இலும் ஐரோப்பாவின் 66 சிகரங்களில் செடிகளை எண்ணிப் பார்த்தார்கள். வடக்கே இனங்கள் கூடியிருந்தன. மத்தியதரைக் கடல் சிகரங்களில் பெரும்பாலும் மாறாமலோ குறைந்தோ இருந்தன. பனி நட்சத்திரம் ஒரு போரெகிலிலிருந்து மறைந்தாலும் நார்டஸ் அங்கேயே நிற்கக்கூடும். வரைபடத்தில் அந்த இடம் அதே பச்சையில்தான் இருக்கும்.