விரால் குளத்தில் றப்பர்த் தவளை: சில வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கத்துச் சின்னக் குளங்களுக்கு விரால் பிடிக்கப் போகும்போது சில வருடங்களாக நான் கொண்டுபோவது றப்பர்த் தவளைதான். உள்ளே வெற்றாக இருந்து, அமுக்கினால் சப்பையாகிவிடுமே, அந்த வகை. காசுக்கு ஏற்ற சாமானா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் கையில் உள்ள காசை முதலில் நூலில் போடுங்கள், பிறகு றொட்டில் (தூண்டில் தடியில்), மிஞ்சினால் தவளையில். பாசியடைத்த குளத்தில் விராலைக் கடிக்கவைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கடித்ததைக் கரைக்குக் கொண்டுவருவதில்தான் எல்லாம் இருக்கிறது.

இது அமெரிக்கக்காரர் லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் பாவிக்கிற சாமான். இரட்டைத் தூண்டில் முள் தவளையின் முதுகோடு ஒட்டி, நுனி மேலே பார்த்தபடி இருக்கும். அதனால் செடியில் கொழுவாமல் மேலால் ஊர்ந்து வரும். மீன் கவ்வும்போது உடம்பு அமுங்கி முள் வெளியே வரும். நம் குளங்களில் பாஸ் கிடையாது, அதன் இடத்தில் விரால் இருக்கிறது. காணொளிகளில் பார்க்கும் பாஸ் வித்தைகளில் பாதி இங்கே அப்படியே பொருந்தும், மீதியை மாற்ற வேண்டும். பாஸ் வாயைப் பெரிதாகத் திறந்து தண்ணீரோடு சேர்த்துத் தவளையை உறிஞ்சும். அதன் வாய் அரத்தாளைப் போலச் சொரசொரப்பு, அவ்வளவுதான். விராலுக்கு நல்ல பல் உண்டு, அது கடிக்கும். அதனால் அங்கே பெரிய தவளை ஓடும், இங்கே நாலு, ஐந்து சென்ரிமீற்றர் தவளைதான் நல்லது. பெரியதைப் போட்டால் காலைக் கடித்து இழுத்துவிட்டு விரால் போய்விடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பாஸ் செவுளால் மட்டும் மூச்சுவிடும். விராலுக்குத் தலைக்குள் காற்றை எடுக்கும் உறுப்பும் இருப்பதால் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு போகும். செடி மூடி, கீழே ஒட்சிசன் குறைந்து, மற்ற மீன்கள் விலகிப்போன இடத்திலும் அது சௌகரியமாக இருக்கும். “இதுக்குள்ள என்ன கிடக்கப் போகுது” என்று பலர் திரும்பிப் போகிற குளத்தில்தான் நான் நிற்பேன். பத்து நிமிடம் தவளையைக் கட்டாமல் சும்மா பார்த்தால் போதும். செடி அசைந்து, ‘சளக்’ என்று ஒரு சத்தத்தோடு இரண்டு குமிழி வரும். எங்கே எறிவது என்று அப்போது தெரிந்துவிடும்.

சரி, நூல். தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) இங்கே சரிவராது. அது இழுபடும், நீங்கள் வெட்டி இழுக்கிற பலத்தில் பாதி அந்த இழுவையிலேயே போய்விடும், முள் விராலின் கெட்டித் தாடையில் ஏறாது. தாமரைத் தண்டில் சின்னச் சின்ன முள் இருப்பதால் தங்கூசி உரசி உரசிப் பழுதாகும். பின்னல் நூலுக்கு இழுவை இல்லை, அது மிதக்கும், தண்டில் பட்டால் அறுத்துக்கொண்டு வரும். நான் பாவிப்பது நாலு புரியில் பின்னிய, 40 றாத்தல் பாரம் தாங்கும் நூல். எட்டுப் புரி வழுவழுப்பாகத் தூரம் போகும், சத்தமும் குறைவு, ஆனால் செடிக்குள் சீக்கிரம் பஞ்சு பிரிகிறது. நாலு புரி கரகரப்பானது, அந்தக் கரகரப்புத்தான் இங்கே உதவி. அதன் பச்சை நிறம் சில மாதத்தில் வெளிறிவிடும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நுனியில் இரண்டு முழம் பஞ்சாகத் தெரிந்தால் வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். ஒரு பருவம் முடிந்ததும் முழு நூலையும் தலைகீழாக மாற்றிச் சுற்றினால் உள்ளே கிடந்த புதுப் பகுதி வெளியே வரும், அடுத்த பருவத்துக்கும் ஓடும். முன்னுக்கு வேறு நூல் இணைக்க வேண்டாம், அந்த முடிச்சில் பாசி சேரும். நேரே பாலோமர் முடிச்சுப் போட்டால் போதும்.

றொட் ஏழு அடி, நுனி மட்டும் கொஞ்சம் வளைந்து அடிப்பகுதி விறைப்பாக இருப்பது. றீல் நாலாயிரம் அளவுச் சாதாரண ஸ்பின்னிங் றீல். பாஸ்காரர் பேயிட்காஸ்ரர் (றொட்டின் மேல்பக்கம் பூட்டும் உருளை றீல்)தான் என்று அடித்துச் சொல்வார்கள். பத்துக் கிராம் வரும் நம் சின்னத் தவளையை எறிய அது தேவையில்லை.

இனிச் செடிகள். எல்லாச் செடியிலும் தவளை ஒரே மாதிரி ஓடாது. இதை விற்கிற எவரும் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்தது தாமரை. இலை வட்டமாக, வெட்டில்லாமல் இருப்பதால் தவளை அதன்மேல் ஏறி, உட்கார்ந்து, விளிம்பால் ‘டொப்’ என்று தண்ணீரில் விழும். விரால் வந்து அடிப்பதில் பாதி அந்த விழுகையில்தான். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் ஆம்பல் வேறு கதை. அதன் இலையில் காம்பு வரைக்கும் ஒரு பிளவு உண்டு. நூல் அந்தப் பிளவுக்குள் இறங்கினால் தவளை வந்து இறுகிவிடும், முள் மேலே பார்த்தாலும் பயனில்லை. ஆம்பல் குளத்தில் றொட் நுனியை உயர்த்திப் பிடித்து, நூல் இலையில் படாதபடி கிட்ட எறிந்து விளையாட வேண்டும்.

தண்ணீர் மேல் மிதந்து படரும் சல்வீனியா மெல்லியதாக இருக்கும்போது அருமை. தடித்துவிட்டால் பத்துக் கிராம் தவளை மேலால் போவதே கீழே இருக்கும் மீனுக்குத் தெரியாது. முள் வெளிவரும் துவாரத்தால் சின்ன ஈயக் குண்டுகள் மூன்று நாலு உள்ளே போடுவேன். செடியை அமுக்கிக்கொண்டு வரும், கிலுகிலுவென்று சத்தமும் கேட்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சல்வீனியா முழுக்க எதிர்க்கரையில் போய் ஒதுங்கும். காலையில் மூடியிருந்த இடம் பின்னேரம் திறந்துவிடும். ஒதுங்கிய செடியின் ஓரத்தை நீளவாட்டில் எறிந்து பாருங்கள்.

ஆற்றுவாழை முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தால் தவளைக்கு அங்கே வேலையில்லை, இடைவெளி இருந்தால் மட்டும் எறியலாம். இதை ஒழிக்க இந்த நாட்டில் 1909இலேயே சட்டம் போட்டார்கள். சல்வீனியாவோ 1939இல் கொழும்பில் மாணவர்களுக்குக் காட்ட வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. இரண்டும் இன்றைக்கும் குளம் குளமாக நிற்கின்றன. தண்ணீருக்குள் வளரும் வேலம்பாசி மேலே முட்டி நிற்கும் இடத்தில் தவளை பிரச்சினையில்லாமல் ஓடும். ஆனால் விரால் கடித்ததும் கீழே தலையைப் புதைத்துச் சுற்றும், மீனைவிடப் பாசியின் பாரம் கூட. 40 றாத்தல் நூலின் அருமை அங்கே தெரியும்.

விரால் தவளையை அடித்ததும் கை தானாக இழுக்கப் பார்க்கும். இழுக்காதீர்கள். செடிக்கு மேலால் அடிக்கும் விரால் அடிக்கடி குறி தவறும். தவளை காணாமல் போய், நூல் நகரத் தொடங்கினால் நுனியைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்து, பாரம் கையில் தெரிந்த பிறகு ஒரே வெட்டு. அப்புறம் நிறுத்தக் கூடாது, மீனின் தலையை மேலே தூக்கியபடி செடியின்மேல் இழுத்து வாருங்கள். டிராக்கை (மீன் இழுக்கும்போது றீல் நூல் விடுவதைக் கட்டுப்படுத்தும் திருகை) முழுதாக இறுக்கி வைத்திருக்க வேண்டும். குறி தவறினால் தவளையை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கொஞ்சம் பொறுத்து ஒருமுறை அசைத்தால் பெரும்பாலும் திரும்பி வரும்.

தவளை எவ்வளவு காலம் நிற்கும்? விரால் குளத்தில் அதிக காலம் இல்லை. பல் பட்டு ஓட்டை விழும், தண்ணீர் ஏறும், எறிந்த இரண்டாம் தடவையே அமிழத் தொடங்கும். ஒவ்வொரு எறிக்கும் முன் அமுக்கித் தண்ணீரைப் பீய்ச்சுவது பழகிவிடும். சின்ன ஓட்டைக்கு சூப்பர் குளூ ஒட்டலாம், அந்த இடம் விறைத்துப் பிறகு பக்கத்தில் வெடிக்கும். ஒன்லைனில் வாங்கிய மலிவான வகையில் முள் மெல்லிய கம்பி, நல்ல விரால் ஒன்றோடு விரிந்துவிட்டது. உடம்பு மட்டும் விலைக்கேற்றபடி நன்றாக இருந்தது. அதனால் வாங்கும்போது முள்ளைக் கழற்றி மாற்றக்கூடிய வகையா என்று பாருங்கள். திருகோணமலை உப்புக்காற்றில், கடல் சாமானோடு ஒரே பெட்டியில் வைத்தால் முள் துருப்பிடித்துவிடும். மென் பிளாஸ்டிக் புழுக்களோடு சேர்த்தும் வைக்கக் கூடாது, வெயிலில் இரண்டும் உருகி ஒட்டும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மத்தியானம் விட்டால் தவளை சப்பையாகவே நின்றுவிடும். கால் றப்பர்களில் ஒன்றை விரல் நுனியளவு கட்டையாக வெட்டினால் தவளை பக்கவாட்டில் ஆடி வரும். செலவில்லாத வேலை, பலன் உண்டு.

குளக்கட்டில் பழக்கமான ஐயா ஒருவர், “உயிர்த் தவளை கிடக்க, இதென்ன தம்பி றப்பரு?” என்று கேட்பார். திறந்த தண்ணீரில் அவர் சொல்வதே சரி, அவர் என்னைவிடக் கூடப் பிடிப்பார். ஆனால் திறந்த முள்ளோடு அதைச் சல்வீனியாவுக்குள் இழுக்க முடியாது. சின்ன விராலும் தொண்டைவரை விழுங்கிவிடும், திரும்ப விட முடியாது. றப்பரில் பெரும்பாலும் வாய் ஓரத்தில்தான் ஏறும்.

மாரியில் குளம் வான் பாயும்போது விரால் வயல், வாய்க்கால் என்று பரவிவிடும், தவளையோடு அலைவது வீண். நல்ல காலம் தண்ணீர் வற்றிவரும் ஆனி முதல் புரட்டாசி வரை. அலைகரைப் பக்கம் செடி நெருங்கி, மீனும் ஒடுங்கி நிற்கும். குளத்து மீனவர்கள் திலாப்பியாவுக்கு வலை போட்டிருந்தால் அந்தப் பக்கம் எறிய வேண்டாம், கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை. செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் மேலே கொதிப்பதைக் கண்டால் தவளையைச் சுற்றி எடுத்துவிடுங்கள். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும், எதைப் போட்டாலும் அடிக்கும். அப்படிப் பிடித்தால் குஞ்சு முழுவதும் மற்ற மீன்களுக்குத் தீனி. அதைப் படமெடுத்துப் போட்டுப் பெருமைப்படுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

கொழுவிய தவளையை எடுக்கக் குளத்தில் இறங்காதீர்கள். இந்தக் குளங்களில் முதலை உண்டு, செடி மூடிய இடத்தில் அது கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. கந்தளாய்ப் பக்கம் பின்னேரமானால் யானையும் தண்ணீருக்கு வரும். நூலை ஒரு தடியில் சுற்றி நேரே இழுங்கள், றொட்டால் இழுத்தால் றொட்தான் முறியும். அதற்கும் வராவிட்டால் அறுத்துவிட்டு வேறொன்றைக் கட்டுங்கள். தவளையில் கடைசியாகக் காசு போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.