கை கோணலா, நிற்பது கோணலா?

ஸ்னூக்கர் மேசையில் நேராக நிற்கும் நீலப் பந்து. அதை அடிக்கும் வெள்ளைப் பந்தின் நடுவில்தான் அடித்தோம் என்று நினைக்கிறோம். ஆனால் நீலம் பாக்கெட் வாயின் ஓரத்தில் இடித்துத் திரும்புகிறது. கியூ, அதாவது அடிக்கும் கோல், எங்கோ கோணலாக ஓடுகிறது என்பது தெரிகிறது, எங்கே என்பதுதான் தெரியவில்லை. இதைச் சரிசெய்ய நம் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பார்லர்களில் மூன்று வழி உண்டு: மார்க்கரையோ (டேபிளைப் பார்த்துக்கொள்ளும் பார்லர் ஆள்) சீனியர் அண்ணன்களையோ கேட்பது, செல்போனில் எடுத்துத் தானே பார்ப்பது, காசு கொடுத்துக் கோச்சிடம் போவது.

முதல் வழிக்குச் செலவே இல்லை. "ஏனுங் தம்பி, தலையத் தூக்கிப்போடறீங்க பாருங்க" என்று மார்க்கர் சொன்னால் பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். அடிக்கும்போது தலை எழுவது தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். ஆனால் முழங்கை வெளியே போகிறது, பிடி தப்பு, கியூ தாடையின் நடுவில் உரசியே ஆகணும் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தால் வருவதும் கெடும். தாடை விஷயத்தில் ஒன்று சொல்லணும். 1927 முதல் 1946 வரை 15 முறை உலகப் பட்டம் வென்ற ஜோ டேவிஸ், வலது கண் பலவீனமானதால் இடது கண்ணுக்குக் கீழே கியூவை வைத்து ஆடியவர். கண் எங்கே கேட்கிறதோ அங்கேதான் கியூ.

போன் வழியை நான் கொஞ்சம் உயர்த்தியே வைப்பேன், ஒரு நிபந்தனையோடு. முதலில் பந்து என்ன சொல்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வெள்ளையை பிரவுன் ஸ்பாட்டில் (பிரவுன் பந்து வைக்கும் புள்ளி) வைத்து, நீலம், பிங்க், கறுப்பு ஸ்பாட்டுகளின் மேலாக எதிர் குஷனுக்கு (டேபிளின் ரப்பர் விளிம்பு) நேரே அடியுங்கள். போகும்போதே நீல ஸ்பாட்டை விட்டு விலகினால் குறி அல்லது நிற்கும் விதம் தப்பு. போகும்போது எல்லா ஸ்பாட்டையும் தொட்டுப் போய், குஷனில் பட்ட பிறகு வலப்பக்கம் விலகி வந்தால் கியூவின் முனையான டிப் வெள்ளையின் வலது பாதியில் பட்டிருக்கிறது. நமக்கே தெரியாமல் ஸ்பின் ஏற்றுகிறோம். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. நடுத்தர வேகத்தில் அடியுங்கள். மெதுவாக அடித்தால் டேபிளின் சாய்வும் துணியின் நாரும் பந்தை இழுத்துவிடும், பழி நம் கை மேல் விழும்.

அப்புறம்தான் போன். கியூவின் நேர் பின்னால், கியூ உயரத்துக்கு வையுங்கள். அரை அடி தள்ளி வைத்தால்கூட நேரான கியூ கோணலாகத் தெரியும். இல்லாத குறையைத் திருத்தப் போய் இருக்கிற ஆட்டமும் போகும். தறியில் நாடா ஓடுவது போல கியூ ஒரே கோட்டில் போய் வருகிறதா, முழங்கை கோட்டை விட்டு வெளியே துருத்துகிறதா என்று ஸ்லோ மோஷனில் பாருங்கள். பக்கவாட்டில் ஒன்று எடுத்தால் பின்னுக்கு இழுக்கும்போது அவசரம் தெரியும். முழங்கை இறங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பந்தில் பட்ட பிறகு இறங்கினால் பரவாயில்லை, படுவதற்கு முன் இறங்கினால்தான் டிப்பின் உயரம் மாறும்.

போனுக்குப் பிடிபடாதவை இரண்டு. ஒன்று பிடியின் இறுக்கம். அடிக்கும் நொடியில் விரல்கள் இறுகுவது வீடியோவில் சரியாகத் தெரியாது, பக்கத்தில் நின்று கை வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். இன்னொன்று குனிவதற்கு முன் நடப்பது. குனிந்த பிறகு இருப்பதைத்தான் நாம் வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். நிற்கும்போதே கோட்டை விட்டுத் தள்ளி நின்றுவிட்டு, குனிந்த பிறகு கையால் சமாளிக்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுடைய முழங்கையைத் திருத்திப் பயனில்லை. வலது கைக்காரர் என்றால் வலது பாதத்தை அடியின் கோட்டில் வைத்து, நகராமல் அப்படியே குனிய வேண்டும். நல்ல கோச் கியூவைத் தொடாமல் காலிலிருந்து தொடங்குவது இதனால்தான். மார்க் வில்லியம்ஸ் 2018-ல் மூன்றாவது முறை உலகப் பட்டம் வென்றதற்கு முன் பார்வைக் கோட்டையும் நிற்கும் முறையையும் ஒரு கோச்சை வைத்து மாற்றிக்கொண்டார். அவருக்கே அது தேவைப்பட்டது.

கோச்சின் குறைகளும் தெரிந்ததுதான். ஸ்னூக்கர் விதிகள் உருவான ஊட்டி கிளப் நமக்கு மேலே மலையில் இருக்கிறது, கோச் மட்டும் எல்லா ஊரிலும் இல்லை. தாராபுரத்துக்காரர் கோவைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும். புதிதாக நிற்கப் பழகும்போது முதலில் ஆட்டம் இறங்கும். அதைத் தாங்க முடியாமல் பாதியில் பழைய வழிக்கே போனால் கொடுத்த பணம் வீண்.

என் ஓட்டு இப்படி: வெள்ளை திரும்பி டிப்புக்கே வருகிறது என்றால் பார்க்க எவ்வளவு கோணலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஜட் டிரம்ப்பின் கியூ நேராகப் போவதில்லை என்று எல்லோரும் பேசுவார்கள், 2019-ல் அவர் உலகச் சாம்பியன். குஷனுக்குப் பிறகு மட்டும் விலகினால் போன் போதும், மார்க்கரைத் தலையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போதே விலகினால் ஒரு முறையாவது கோச்சிடம் போங்கள், வீடியோ எடுத்து மாதக்கணக்கில் முழங்கையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அடுத்த வாரம் கிளப் டோர்னமெண்ட் இருக்கிறது என்றால் இதில் எதையும் இப்போது தொடாதீர்கள், அது முடியட்டும்.