உடல் எடை இறங்காமல் நின்றபோது கைகொடுத்த சமையலறைத் தராசு: ஒன்றரை வருடப் பயன்பாடு

"உங்ககிட்ட இருக்கிற சமையலறைத் தராசு விலை இறங்கியிருக்கே, வாங்கலாமா? டயட் இருந்தும் ஒன்றரை மாசமா உடம்பு எடை இறங்கவே மாட்டேங்குது" என்று நண்பர் கேட்டார். அவருக்கு எழுதிய பதில்தான் இது. 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் துல்லியம், இரண்டு சின்ன பென்சில் செல் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. நான் சொல்ல வேண்டியவை இரண்டு: எண்ணெய், இரண்டு நிமிடத்தில் தானாக அணையும் கோளாறு.

எடை நின்றதும் பலர் சோற்றைப் பாதியாக்குகிறார்கள். அது அவசரம். முதலில் தினமும் காலையில் கழிவறை போய்வந்து, வெறும் வயிற்றில் எடை பார்த்து, வாரச் சராசரி எடுங்கள். ஒருநாள் ஊறுகாயும் அப்பளமும் கூடினாலே உடலில் நீர் தங்கி ஒரு கிலோ ஏறலாம். பெண்கள் மாதவிடாய்ச் சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிட வேண்டும். நான்கு வாரச் சராசரி நகராவிட்டால்தான் அது உண்மையான தேக்கம். உடல் இளைக்க இளைக்க அதன் கலோரித் தேவையும் குறையும். கலோரித் தேவையைக் கணக்கிட உதவும் மிஃப்ளின் வாய்ப்பாட்டின்படி 10 கிலோ குறைந்தால், ஓய்வுநிலையில் உடல் எரிப்பது மட்டும் நாளுக்கு 100 கலோரி குறைகிறது.

தேக்கத்துக்கு மீதிக் காரணம் சமையலறையில். 1992இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வில், டயட் இருந்தும் எடை இறங்கவில்லை என்றவர்கள் தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துக் கணக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கண்ணளவு அப்படித்தான் ஏமாற்றும். நம் வீட்டில் அது ஏமாற்றும் இடம் எண்ணெய், தேங்காய்த் துருவல், வேர்க்கடலை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம், 120 கலோரிக்கு மேல். தோசைக்கல்லில் "லேசா" சுற்றி விடுவதை நிறுத்துப் பாருங்கள், லேசாக இருக்காது.

இந்தத் தராசு தந்த பெரிய மகிழ்ச்சி கழித்து நிறுப்பதுதான். எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து 'டேர்' அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். திரையில் -23 என்று வந்தால் 23 கிராம் சட்டிக்குள் போயிருக்கிறது. கரண்டியும் வேண்டாம், கிண்ணமும் பிசுபிசுக்காது. குடும்பத்துக்கே சேர்த்துச் சமைத்தால், வெறும் சட்டியின் எடையை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். குழம்பு இறக்கியதும் நிறுத்து, சட்டியின் எடையைக் கழியுங்கள். 1,200 கிராம் குழம்பில் 45 கிராம் எண்ணெய் என்றால், 200 கிராம் ஊற்றிக்கொள்பவருக்கு 7.5 கிராம். வத்தக்குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். நன்றாகக் கலக்காமல் எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது. அரிசியை வேகவைக்கும் முன்பே நிறுங்கள். 100 கிராம் பச்சரிசி சுமார் 350 கலோரி. அதே அரிசி வெந்து, நீரைப் பொறுத்து 250 கிராமும் ஆகும், 300 கிராமும் ஆகும்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். பாட்டிலைக் கையில் எடுத்து மூன்று தோசை வார்ப்பதற்குள் தராசு அணைந்துவிடும், வைத்த பூஜ்யமும் போய்விடும். பாட்டிலை வைத்தபடியே மறுபடி போட்டால் அதையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அணையும் நேரத்தை மாற்ற வழியே இல்லை. சமைக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். செல்லை மிச்சம் பிடிக்க, அளவையே பறித்துவிட்டார்கள்! ஒரே வழி, டேரை நம்பாமல் சமையலுக்கு முன்னும் பின்னும் பாட்டிலின் முழு எடையைக் குறித்துக் கழிப்பது.

எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத் தராசின் மேல் வைத்த பாத்திரத்தில் விட்டால் கணக்கில் வராமல் போகலாம். பூஜ்யத்துக்கு அருகில் வரும் மெதுவான மாற்றத்தைப் பல தராசுகள் தாமாகவே அழித்துவிடும். சூடான சட்டியை நேராக வைக்காதீர்கள், எண் ஓடிக்கொண்டே இருக்கும்; மரப்பலகையை வைத்துப் பூஜ்யமாக்கி அதன்மேல் வையுங்கள். மின்விசிறிக் காற்று பட்டாலும் திரையில் எண் ஆடும். சரிபார்க்க, 2011க்குப் பிறகு வந்த பத்து ரூபாய் நாணயம் பத்தை வையுங்கள், 77 காட்ட வேண்டும்.

இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துச் சாப்பிட்டும் சராசரி இறங்கவில்லையா? அப்போது நாளுக்கு 150 கலோரி குறையுங்கள். சுமார் 40 கிராம் அரிசியைக் குறைத்தாலே போதும். முட்டை, பருப்பு, மீனைக் குறைக்காதீர்கள். தைராய்டு, ஸ்டீராய்டு, சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குறைக்க வேண்டாம்.

தேக்கத்தை உடைக்க இதைவிட உதவிய பொருள் சமையலறையில் வேறில்லை. ஆனாலும் இந்த மாடலை வாங்காதீர்கள், விலை இன்னும் இறங்கினாலும் சரி. தானாக அணைவதை நிறுத்திவைக்க முடிகிற தராசாகக் கேட்டு வாங்குங்கள்.