ரோட்டோரக் கடைக்கு போர்டு: ஃபிளெக்ஸ், தகரம், எல்இடி, ஏசிபி எல்லாம் வைத்துப் பார்த்த அனுபவம்

என்.எச். 44-இல் கிருஷ்ணகிரி தாண்டி காவேரிப்பட்டணம் வருவதற்குள், சர்வீஸ் ரோட்டை ஒட்டி எங்கள் மரச்செக்கு எண்ணெய்க் கடை இருக்கிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கூடவே ராகி மாவு, சாமை, சீசனில் மாம்பழம். 2019-இல் கடை போட்டதிலிருந்து ஃபிளெக்ஸ், பெயின்ட் அடித்த தகரம், ஓடும் எழுத்து எல்இடி, ஏசிபி ஷீட் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) என்று எல்லாவற்றையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தாகிவிட்டது. புதுசாகக் கடை போடுகிறவர்கள் வந்து "எந்த போர்டுங்க நல்லா உழைக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஏசிபி என்று சொல்லி அனுப்பிவிடலாம், தப்பில்லை. ஆனால் எங்கள் கடைக்குக் கூட்டம் கூடியது ஏசிபி வந்தபோது இல்லை, போர்டைத் திருப்பி வைத்தபோது.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடும். டிரைவர் போர்டைப் பார்த்து, படித்து, பக்கத்தில் இருப்பவரிடம் "எண்ணெய் வேணும்னு சொன்னியே, நிறுத்தவா?" என்று கேட்டு, அவர் யோசித்து ம் கொட்டுவதற்குள் நாலு நொடி, அதாவது 90 மீட்டர் போய்விடும். அப்புறம் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியைப் பார்த்து, பதறாமல் பிரேக் போட்டு நிற்க இன்னொரு 100 மீட்டர் வேண்டும். ஆக கிட்டத்தட்ட 200 மீட்டருக்கு முன்பே அவர் கண்ணில் போர்டு படவேண்டும். எங்களுக்கு இதிலும் ஒரு சிக்கல், நெடுஞ்சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டில் இறங்குகிற வாய் கடைக்கு வெகு முன்னாலேயே இருக்கிறது, அதைத் தவறவிட்டவர் கடையைப் பார்த்துக்கொண்டே தர்மபுரிக்குப் போய்விடுவார், திரும்பி வரமாட்டார்.

எழுத்து உயரத்துக்கு ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது: ஓர் அங்குல உயர எழுத்தை 30 அடி தூரத்திலிருந்து படிக்கலாம் என்பது. அது இங்கிலீஷ் எழுத்தை வைத்துப் போட்டது. நம் எழுத்தில் ண, ன, ணெ எல்லாம் சுழி சுழியாக இருப்பதால் தூரத்தில் ஒன்றோடொன்று கலந்து கரும்புள்ளியாகத் தெரியும், அதனால் நான் 25 அடி என்றே எடுத்துக்கொள்கிறேன். 14 அங்குல எழுத்து 350 அடி, சுமாராக 100 மீட்டருக்குத் தாங்கும். 200 மீட்டரிலிருந்து படிக்கவேண்டுமானால் இரண்டடிக்கு மேல் உயரமான எழுத்து வேண்டும், எங்கள் மாதிரிக் கடைக்கு அது கட்டுப்படியாகாது. எனவே கடை வாசலில் ஒன்று, சர்வீஸ் ரோட்டு வாய்க்கு முன்னால் இன்னொன்று, இப்படி இரண்டு போர்டாகப் பிரித்துக்கொள்வதுதான் வழி.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஃபிளெக்ஸ் மலிவு, காலையில் கொடுத்தால் மாலையில் கையில் கிடைக்கும். கடை திறப்புக்கும் ஆஃபருக்கும் அதைவிட வசதி இல்லை. நிரந்தர போர்டாக வைத்தால் ஒரு கோடை தாண்டியதும் வெளுக்க ஆரம்பிக்கும், அதுவும் எல்லா நிறமும் ஒரே மாதிரி போகாது, சிவப்பும் மஞ்சளும் முதலில் போய் நீலச்சாயல் மட்டும் மிஞ்சும். எங்கள் போர்டில் பொன்னிறமாக இருந்த எண்ணெய்ப் படம் அடுத்த வருடம் மண்ணெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 8க்கு 4 அடி போர்டில் மணிக்கு 70 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் 70 கிலோ எடையுள்ள ஆளின் முழு எடையும் அதன்மேல் விழுந்த அளவுக்கு அழுத்தம் இருக்கும். காற்று போகட்டும் என்று ஃபிளெக்ஸில் அரைவட்டமாக வெட்டி விடுவார்கள், அந்த வெட்டிலிருந்தே கிழிசல் தொடங்கும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்த செய்தி நாங்கள் கடைக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் வந்தது. கயிற்றில் கட்டி விடுகிற போர்டு எதுவும் வேண்டாம் என்று வீட்டில் அன்றைக்கே முடிவாகிவிட்டது. எங்கள் ஃபிளெக்ஸ்கூட சட்டத்தில் அடித்ததுதான்.

தகர போர்டு, ஜிஐ ஷீட்டில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) எனாமல் பெயின்ட், கையால் எழுதியது. எனக்கு இன்றைக்கும் பிடித்தது இதுதான், காரணம் பாதி போர்டு, பாதி எழுதின ஆர்ட்டிஸ்ட் அண்ணன். ஊருக்கு ஊர் "ஆர்ட்ஸ்" என்று பெயர் வைத்த கடைகள் இருந்தன, முக்கால்வாசி ஃபிளெக்ஸ் மெஷின் வாங்கிக்கொண்டன, இவர் மட்டும் இன்னும் பிரஷ் பிடிக்கிறார். நான் ஒரு முழ லிஸ்ட் கொண்டு போனேன்: கடைப் பெயர், எண்ணெய் வகைகள், ராகி மாவு, இரண்டு போன் நம்பர், ஓரமாகச் சாமி படம். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "தம்பி, இதுல எதைப் பாத்துட்டு வண்டி நிக்கும்னு நினைக்கிற, அதை மட்டும் சொல்லு" என்றார். செக்கு எண்ணெய் என்றேன். "அப்ப அதை மட்டும் எழுதிடலாம்." கடைப் பெயர்? "உன் பேரு ஊர்ல யாருக்குத் தெரியும், உள்ள வந்தவங்களுக்கு வாசல்ல மாட்டிக்க." கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் மேல் வரியில் செக்கு, கீழ் வரியில் எண்ணெய், இரண்டே வார்த்தை, 8க்கு 4 அடி முழுக்க.

இன்னொன்றும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். தமிழில் மேலே புள்ளி ஏறும், கீழே கு, ழு எல்லாம் சுழித்து இறங்கும், அதனால் இரண்டு வரிக்கு நடுவே தாராளமாக இடம் விடவேண்டும். கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிற பையன்கள் வரியை நெருக்கி, இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கி, மேலே நிழல், பார்டர், மினுமினுப்பு என்று போட்டுவிடுவார்கள். திரையில் பார்க்க ஜோராக இருக்கும், ரோட்டில் ஒன்றும் தெரியாது. டிசைனை போனில் கட்டை விரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், அப்போதும் படிக்க முடிந்தால் சரி.

நிறத்துக்கு மஞ்சளில் கறுப்பு. பச்சை வேண்டாம், இங்கே ரோட்டின் இரண்டு பக்கமும் மாந்தோப்பு, போர்டு அதிலேயே கரைந்துவிடும், போதாததற்கு நெடுஞ்சாலை வழிகாட்டிப் பலகைகளும் பச்சைதான். கறுப்பும் சிவப்பும் சேர்த்தால் கட்சி போர்டு என்று நினைப்பார்கள், நீலமும் மஞ்சளும் சிவப்பும் சேர்த்தாலும் நம் பக்கத்தில் அதே கதைதான். எண்ணெய் விற்கிறவனுக்கு எதற்கு அந்த வம்பு.

தகரம் வருடக்கணக்கில் நின்றது. பெயின்ட் மங்கியது, ஆனால் படிக்க முடிந்தது. துரு திருகு போட்ட ஓட்டைகளைச் சுற்றித்தான் முதலில் பிடித்தது, பிரேமை ரெட் ஆக்சைடு அடிக்காமல் மாட்டினால் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஓடும் எழுத்து எல்இடி போர்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினாறு வரிசை புள்ளியில் தமிழ் எழுத்து முழுசாக உட்காராது, கொம்பும் சுழியும் உடையும். "மரச்செக்கு" என்று ஓடி முடிவதற்குள் கார் கடையைத் தாண்டியிருக்கும். பகல் வெயிலில் தெரியவே தெரியாது. இப்போது கடைக்கு உள்ளே, கல்லாவுக்கு மேலே அன்றைய விலையைக் காட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே பிரமாதம்.

இப்போது நிற்பது 3 மி.மீ. ஏசிபி ஷீட், இரும்பு பிரேம், எழுத்து வினைல் ஸ்டிக்கர். கம்பம், கான்கிரீட், கூலி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாயைத் தாண்டியது. துரு இல்லை, காற்றுக்கு அசையவில்லை, ஈரத்துணியால் துடைத்தால் புதுசு போல ஆகிவிடும். வினைல் ஓரங்கள் மட்டும் வெயில் படுகிற பக்கம் லேசாகத் தூக்க ஆரம்பித்திருக்கின்றன. காசு இருந்தால் இதைச் செய்யுங்கள், இல்லையென்றால் தகரம் ஒன்றும் குறைச்சல் இல்லை.

இனி திருப்பி வைத்த கதை. முதல் ஃபிளெக்ஸும் தகரமும் கடை நெற்றியில், ரோட்டைப் பார்த்தபடி இருந்தன. எல்லாக் கடையும் அப்படித்தான் வைக்கிறது. நடந்து போகிறவருக்கு அது சரி, காரில் வருகிறவர் தலையைத் திருப்பினால் மட்டுமே தெரியும், அதுவும் கடைக்கு நேராக வந்த பிறகு. அதே தகர போர்டைக் கழற்றி, கம்பம் நட்டு, வருகிற வண்டிக்கு முகம் காட்டுகிற மாதிரி ரோட்டுக்குக் குறுக்காகத் திருப்பினோம். எழுத்தை மாற்றவில்லை, நிறத்தை மாற்றவில்லை, அந்த வாரமே வெளியூர் வண்டிகள் நிற்க ஆரம்பித்தன. உயரமும் முக்கியம்: பக்கத்தில் டீக்கடை, எப்போதும் ஒரு லாரி நிற்கும். லாரி 12, 13 அடி உயரம் வரை இருக்கும் என்பதால் போர்டின் அடி விளிம்பையே 14 அடிக்கு ஏற்றினோம்.

முன்கூட்டியே வைக்கிற இரண்டாவது போர்டுக்கு இடம்தான் பிரச்சினை. நெடுஞ்சாலை நிலத்தில் அனுமதியில்லாமல் எதையும் நடக்கூடாது, அதற்கென்று 2002-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, நட்டால் ஒரு நாள் வண்டியில் வந்து பிடுங்கிப் போட்டுக்கொண்டு போவார்கள், கேட்கவும் முடியாது. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம், பட்டா நிலத்தில்தான் வைக்கவேண்டும். அங்கே கடலை போடுகிற ஒரு பெரியவர் வரப்போரம் இடம் கொடுத்தார், வாடகை மாதம் ஒரு லிட்டர் கடலை எண்ணெய். பொங்கலுக்கு இரண்டு லிட்டர் என்பது அவராகச் சேர்த்துக்கொண்ட ஷரத்து. அந்த போர்டில் "செக்கு எண்ணெய்", கீழே இடது பக்கம் ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். மழைக்கு அப்புறம் ஆமணக்கும் சீமைக் கருவேலமும் எழுந்து போர்டை மூடிவிடும், போய் வெட்டிவிட்டு வரவேண்டும், இந்த வேலைக்கு முடிவே கிடையாது.

வாசல் போர்டில் கன்னடம் சேர்த்தது நல்ல பலன். சனி ஞாயிறு நிற்கிற கார்களில் பாதி கே.ஏ. நம்பர். கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக, அடுத்து ஆங்கிலம், அப்புறம் பிற மொழி, 5:3:2 என்ற அளவில் இருக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டில் விதி, அதற்குள் கன்னடத்துக்கு ஒரு வரி தாராளமாகக் கிடைக்கும்.

மாம்பழத்துக்கு நிரந்தர எழுத்து வேண்டாம். சீசனில் மட்டும் கொக்கியில் தொங்கவிடுகிற தனித் தகடு வைத்திருக்கிறோம், ஜூலை கடைசியில் இறக்கிவிடுவோம். ஆகஸ்டில் அது தொங்கினால் இறங்கி வந்து "பழம் எங்கே" என்று கேட்பவரின் முகத்தைப் பார்க்க முடியாது, அவர் எண்ணெயும் வாங்காமல் போவார்.

இரவுக்கு போர்டு மேல் ஃபோகஸ் லைட் போட்டோம். ஐப்பசி மழை விட்ட அன்று ஈசல் மொய்த்து, அதைத் தின்ன பல்லிகள் வந்து, காலையில் போர்டைக் கழுவ ஏணி போடவேண்டியதாயிற்று. வரப்பு போர்டுக்குக் கரண்டே இல்லை, அதனால் எழுத்தைச் சுற்றி நெடுஞ்சாலைப் பலகைகளில் ஒட்டுகிற மாதிரி ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒட்டினோம். ஹெட்லைட் வெளிச்சம் வந்த திசைக்கே திரும்பும், செலவு ஒரு தடவைதான். மஞ்சள் பரப்பு முழுவதையுமே அந்த ஷீட்டில் செய்திருக்கலாம், அடுத்த முறை அப்படித்தான்.

க்யூஆர் கோடு போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓடுகிற காரிலிருந்து யார் ஸ்கேன் செய்வார்கள்? அது கல்லாவில் இருக்கட்டும். கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்து வைப்பது வேறு, அது அவசியம், ஒருமுறை வந்தவர்கள் மறுபடி தேடி வருவது அதில்தான்.

இன்னும் தீராதது எதிர்ப்பக்கம்தான். ஊருக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கம் வருகிறார்கள், ஆனால் எண்ணெய் வாங்குகிற மனநிலை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெங்களூரு திரும்புகிறவர்களுக்குத்தான் இருக்கிறது, அவர்கள் மீடியனுக்கு அந்தப் பக்கம். போர்டின் பின்முகத்தில் "செக்கு எண்ணெய், அடுத்த பாலத்தடியில் திரும்பவும்" என்று எழுதியிருக்கிறோம். வார்த்தை அதிகம்தான், குறைக்கத் தெரியவில்லை. சிலர் சுற்றி வருகிறார்கள், பெரும்பாலானோர் கையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். எதிர்ப்பக்கம் பட்டா நிலத்தில் ஓர் இடம் பேசிக்கொண்டிருக்கிறோம், அவர் எண்ணெய் வேண்டாம், ரொக்கம்தான் வேண்டும் என்கிறார்.