சூடானால் நிற்கும் பழைய பைக்: ஸ்பார்க் டெஸ்டர் வாங்கலாமா?

சூடானதும் நின்றுவிடும். பத்து நிமிடம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்ப்ளெண்டர், பாயிண்ட் (காயிலின் கரண்டைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் பழைய வகை சுவிட்ச்) வைத்த புல்லட் என்று எதை வைத்திருப்பவருக்கும் இந்தக் கண்ணாமூச்சி பழக்கம்தான். ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும். அப்புறம் பிளக், காயில், சிடிஐ (பாயிண்டுக்குப் பதிலாக ஸ்பார்க்கை வரவைக்கும் எலக்ட்ரானிக் பெட்டி), கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் வைத்தியம்.

பிளக்குக்கும் பிளக் கேப்புக்கும் நடுவில் செருகும் ஸ்பார்க் டெஸ்டர் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கும். ஒளி ஊடுருவும் உறைக்குள் சின்ன விளக்கு, அவ்வளவுதான். ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் ஒருமுறை மின்னும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. வண்டி நிற்கும் அந்த நொடியில் போனது கரண்டா, பெட்ரோலா என்பதற்கு மட்டும் இது பதில் சொல்லும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

டெஸ்டரை மாட்டி, காற்றோட்டமான வெளியிடத்தில் சென்டர் ஸ்டாண்டில் ஓடவிடுங்கள். எதிர்க்காற்று இல்லாததால் எஞ்சின் சீக்கிரமே சூடேறும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இழுத்து இழுத்து அடங்கினால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம்தான் கோளாறு. உடனே டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், வண்டியும் கிளம்பிவிட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் கார்புரேட்டர் பவுலின் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒரு டப்பாவில் பிடியுங்கள் (சூடான எஞ்சின் மேல் சிந்தக் கூடாது). நூல் பிடித்தாற்போல ஓடாமல் சொட்டினால் டேங்க் குழாயின் ஃபில்டரையும், பவுலுக்குள் பெட்ரோலை அளவாக விடும் ஃப்ளோட் நீடிலையும் பாருங்கள்.

எஞ்சின் சுற்றும்போதே விளக்கு அணைந்தால் இக்னிஷன். சிடிஐ வண்டிகள் பலவற்றில் சாவியும் கில் சுவிட்சும் ஒரு ஒயரை எர்த் செய்துதான் எஞ்சினை நிறுத்துகின்றன. அந்த ஒயரைக் கழற்றியதும் கோளாறு மறைந்தால் சுவிட்ச் அல்லது ஹேண்டிலுக்குக் கீழே மடங்கி மடங்கித் தோல் உரிந்த ஒயர்தான் திருடன். கழற்றிய நிலையில் சாவியால் எஞ்சின் நிற்காது. டாப் கியரில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை மெல்ல விட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஆகவே ரோட்டில் இந்தச் சோதனை கூடாது. பாயிண்ட் புல்லட்டுக்கு இது பொருந்தவே பொருந்தாது. அங்கே பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கிறதா, சூடானதும் பாயிண்டில் பெரிய பொறி பறக்கிறதா என்று பாருங்கள். பறந்தால், அந்தப் பொறியை அடக்க வேண்டிய கண்டன்சரைச் சந்தேகிக்கலாம்.

மிச்சத்துக்கு மல்டிமீட்டர் வேண்டும். பல்சர் காயிலின் (எந்த நொடியில் ஸ்பார்க் வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்லும் சின்னச் சுருள்) ஓம் அளவைக் குளிரில் எடுத்து, ஹேர் டிரையரால் சூடாக்கியபடி மறுபடி பாருங்கள். செம்புக் கம்பி 50 டிகிரி சூடேறினால் அதன் ஓம் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். அதற்காகக் காயிலை மாற்றிவிடாதீர்கள். அளவு திடீரென்று எகிறினால் அல்லது தொடர்பே அறுந்தால்தான் காயில் போய்விட்டது என்று பொருள்.

டெஸ்டரின் குறைகளும் சின்னதல்ல. வெளிச்சத்தின் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிடிஐ ஸ்பார்க் குறுகிய நேரமே நீடிப்பதால் விளக்கு மங்கலாகத்தான் தெரியும், வெயிலில் அதுவும் தெரியாது. கறுப்பு டேப்பைக் குழல் போலச் சுற்றி அதன் வழியே பார்க்க வேண்டும். பிளக்கில் கரி படிந்து கரண்ட் கசிந்தாலும் விளக்கு எரியும் என்பதால், புதிய பிளக்கைப் போட்டுவிட்டுச் சோதனையைத் தொடங்குவதே நல்லது. ஸ்பார்க்கின் பலத்தை அளக்க இடைவெளியை மாற்றக்கூடிய இன்னொரு வகை டெஸ்டர் இருக்கிறது. காற்றில் 6 மி.மீ. தாண்டினால் நம்பலாம். வெளியே எடுத்த பிளக்கின் 0.7 மி.மீ. இடைவெளியைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை, கம்ப்ரஷனில் அதே இடைவெளிக்குப் பல மடங்கு வோல்டேஜ் தேவை.

பெரிய எரிச்சல் பிளக் நுனியில் இருக்கும் திருகுக் குமிழ்தான். இந்த டெஸ்டர்கள் பெரும்பாலும் கார் பிளக்குக்காகச் செய்தவை. அவற்றுக்குக் குமிழ் வேண்டும். பைக் கேப்களில் பலவற்றுக்கோ வெறும் மரையே போதும். குமிழைக் கழற்றிய பிளக்கில் மாட்டினால் டெஸ்டர் லொடலொடவென்று ஆடி, இல்லாத மிஸ்ஸிங்கையும் உண்டாக்கும். பிளக்கோடு வந்த குமிழைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். டெஸ்டரின் மறுமுனையில் உள்ள குமிழ் கழலுமா என்பதைக் கடையிலேயே திருகிப் பாருங்கள். ஆர்எக்ஸ் 100 போல டேங்குக்கு அடியில் பிளக் இருக்கும் வண்டிக்கு நேர்க்குச்சி மாடல் இடிக்கும். நீளமான ஒயர் வைத்ததையே கேட்டு வாங்குங்கள்.