'புல்லுக்கு ஏற்ற காளை' என்று விற்கிறார்கள்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

புல்லை மட்டுமே நம்பி இறைச்சி மாட்டு மந்தை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பொலிகாளையால் நாங்கள் பட்ட பாடு இன்னொருவருக்கு வரக்கூடாது.

விற்றவர் பெரிய இனவிருத்திப் பண்ணைக்காரர். மேய்ச்சலில் வளர்ந்த வம்சம், உங்கள் புல்லுக்கு அப்படியே ஒத்துப்போகும் என்று வாயாலும் சொன்னார், எழுத்திலும் கொடுத்தார். காளை பார்க்க அம்சமாக இருந்தது. தோல் மினுமினுப்பு, அகன்ற முதுகு, வாலடியின் இரண்டு பக்கமும் திரண்ட சதை. தாய்ப்பசுவைக் காட்டச் சொன்னோம், வேறு இடத்தில் மேய்கிறது என்றார். அதன் எடையைக் கேட்டோம், அப்புறம் அனுப்புகிறேன் என்றார். வரவே இல்லை.

மேய்ச்சலில் விட்ட சில வாரங்களிலேயே காளை கரையத் தொடங்கியது. விலா எலும்புகள் தெரிந்தன. அது சேர்ந்த பசுக்கள் சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தன. கால்நடை மருத்துவர் விந்தைப் பரிசோதித்தார். இயல்பான உருவமுள்ள விந்தணு குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும், இதில் அந்த அளவு இல்லை. விதைப்பையின் கழுத்துப் பகுதியில் கொழுப்பு படிந்திருப்பதைத் தொட்டுக் காட்டினார். அங்கே கொழுப்பு சேர்ந்தால் விதையின் சூடு தணியாது, விந்தணு கெடும். தீவனப் பதிவை அவரே கேட்டு வாங்கியபோது விஷயம் வெளியே வந்தது: தாய்ப்பால் மறந்ததிலிருந்து அந்தக் காளை தானியத்திலேயே வளர்ந்திருக்கிறது.

இதையாவது ஒரு பருவத்து நஷ்டம் என்று விட்டிருப்போம். உடம்பு தேறியதும் காளை சினைப்படுத்தவும் செய்தது. பெரிய அடி அதன் மகள்கள் வளர்ந்த பிறகுதான் விழுந்தது. தாய்களைவிட அவை நன்றாகவே உயரம். உயரமும் முதிர்ந்த எடையும் வம்சத்தில் பலமாக இறங்குகிற குணங்கள், ஒரே காளையில் மந்தையின் அளவு மாறிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 450 கிலோ பசுவுக்குப் பதில் 600 கிலோ பசு நின்றால், உடம்பைத் தாங்க மட்டுமே ஏறக்குறைய 24 சதவீதம் கூடுதல் தீனி வேண்டும். 100 பசு மேய்ந்த நிலம் 80 பசுவைத்தான் தாங்கும். கன்றின் எடை அதே விகிதத்தில் கூடினால் சரிதான், எங்களிடம் கூடவில்லை.

இதைவிட மோசம் சினைப் பிரச்சினை. பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 80 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். பசுவின் உடம்பு கிடைக்கிற தீனியை முதலில் தன் உயிர்ப்பாட்டுக்கு, அப்புறம் பாலுக்கு என்று செலவழிக்கும். பருவத்துக்கு வருவது கடைசி. தலைஈற்றுக் கிடேரிக்கு இன்னும் கஷ்டம், அது வளர்ந்தும் ஆக வேண்டும். அந்தக் காளையின் மகள்களில் பாதிக்கு மேல் முதல் ஈற்றுக்குப் பிறகு சினை பிடிக்காமல் நின்றன. பக்கத்திலேயே அதே புல்லை மேய்ந்த எங்கள் பழைய சிறு பசுக்கள் சினையாக இருந்தன. 'உங்கள் புல் சரியில்லை' என்று விற்றவர் சொன்ன சமாதானத்துக்கு இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? ஆண் கன்றுகளும் எலும்பாகவே நீண்டு, புல் முடிகிற காலம் வரை கொழுப்பு ஏறாமல் நின்றன.

குட்டையானதே நல்லது என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1940களில் குட்டை மாடுகளைத் தேடித்தேடி இனம் சேர்த்து, குள்ளக் கன்றுகள் பிறந்து தவித்தார்கள். பிறகு எதிர்ப்பக்கம் ஓடி, 1980களில் உயரத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். இரண்டிலும் அடிபட்டது சாதாரண மந்தைக்காரர்தான். உங்கள் நிலத்தில், உங்கள் புல்லில், வருடம் தவறாமல் கன்று போடுகிற பசு எந்த அளவோ அதுதான் உங்களுக்கான அளவு.

அதனால் காளையைவிடத் தாயைப் பாருங்கள். ஐந்து வயது தாண்டிய, கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிற நிலையில், மேய்ச்சலில் வைத்தே பாருங்கள். அதன் எடையையும், எந்தெந்த வருடம் ஈன்றது என்ற பதிவையும் கேளுங்கள். தாயைக் காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். பால் மறந்ததிலிருந்து காளை என்ன தின்றது என்பதை எழுத்தில் வாங்குங்கள். விந்துப் பரிசோதனையைக் காளை சில வாரம் புல்லில் இருந்த பிறகு, உங்கள் மருத்துவரை வைத்துச் செய்யுங்கள். தேறாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். எங்களுக்கு எழுதிக் கொடுத்ததில் வம்சப் பெருமை இருந்தது, திருப்பித் தருவது பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதைக் காட்டியே கையை விரித்துவிட்டார்.

அந்தக் காளையின் தம்பிகளை இப்போதும் அதே வாசகத்தோடு விற்றுக்கொண்டிருக்கிறார்.